அசையும் சொத்து

மைனஸ் இருபத்தெட்டு.
பேனாவில் மை உறைந்துவிடும் என்று
குளிர்காலத்தில் இலாகா எங்களுக்குப்
பென்சில் தருகிறது.

உலான்பாட்டரின் வடக்கே
குன்றேறிக்கொண்டே போகும் குடியிருப்பில்
நூற்றுப் பதினேழாவது வேலி.
பழைய காரின் இரண்டு கதவுகளும்
ஒரு கட்டிலின் தலைமாடும்
பலகையோடு பலகையாய் நிற்கிற வேலி.
"நாயைப் பிடி!" என்று கத்தினேன்.
இங்கே வணக்கம் சொல்வது அப்படித்தான்.

செரெந்துலாம் கதவைத் திறந்தாள்.
ஆட்டுரோமக் கம்பளி போர்த்திய வட்டக் கூடாரம், கெர்.
நடுவில் அடுப்பு. அதைச் சுற்றி மற்றதெல்லாம்:
பெட்டி, தொலைக்காட்சி, பிள்ளையின் கணக்கு நோட்டு,
சுரங்கத்தில் இடுப்பொடிந்த கணவன் கொம்போ.
உப்புப் போட்ட பால்தேநீர் தந்தாள்.
குடித்து முடித்துத்தான் எதையும் கேட்கலாம்.

மூலை எத்தனை?
"எதற்கு?"
படிவம் கேட்கிறது.
சுற்றிலும் பார்த்தாள்
எதையோ எங்கேயோ வைத்து மறந்தவள் போல.
"இல்லை."
ஜன்னல்?
"ஒன்று."
எந்தத் திசை பார்த்து?
புகைக்குழாய் நுழையும் கூரை வளையத்தைக் காட்டினாள்.
தட்டளவு வானம்,
ஊரின் கரிப்புகை படிந்தது.
படிவத்தில் நாலு திசைக்கும் கட்டம் உண்டு.
மேலே என்பதற்கு இல்லை.

பிறகு சட்டத்தைச் சொன்னேன்,
பள்ளிப்பிள்ளை ஒப்பிப்பதுபோல.
அடுக்குமாடியில் உங்களுக்கு இடம் உண்டு.
எத்தனை சதுர மீட்டர் என்பது
அசையாச் சொத்தின் மதிப்பைப் பொறுத்தது.
கெர், அசையும் சொத்து. சேராது.
வேலி சேரும். கழிவறைக் குழி சேரும்.
மீட்டர் மாட்டிய கம்பம் மின்வாரியத்துடையது.

"பதினோரு குளிர்காலம் ஆயிற்று.
எங்கே அசைந்தது இது?"
கோபமில்லை. சந்தேகம் கேட்கிற குரல்தான்.
அப்புறம் கட்டில் பக்கம் திரும்பி
"அசையாதது வேண்டுமென்றால்
இவரை எழுதிக்கொள்" என்றாள்.
கொம்போதான் முதலில் சிரித்தான்,
இருமி இருமி.
"நான் எத்தனை மீட்டர் தேறுவேன், கேள்."

அலுவலகத்தில்
மூலை: பூஜ்யம் என்று அடித்தேன்.
கணினி ஏற்கவில்லை.
ஒன்று. ஏற்கவில்லை.
மூன்றையும் மறுத்தது,
முக்கோண வீடு அரசுக்குப் பிடிக்காது போலும்.
நாலு என்றதும் பச்சைக் குறி.
இப்படியாக அரசாங்கப் பதிவேட்டில்
அவள் வீட்டுக்கு நாலு மூலை வைத்தேன்.
வாழ்நாளில் நான் கட்டிய ஒரே கட்டடம்.

ஒதுக்கீடு வந்தது.
ஒன்பதாம் மாடியில் பதினெட்டுச் சதுர மீட்டர்.
அந்த அளவில் வீடு கட்டுவதில்லை என்பதால்
மீதிக்கு வங்கிக் கடன்.
கடனுக்குச் சம்பளச் சீட்டு.
சம்பளச் சீட்டுக்கு
கொம்போவின் இடுப்பு.

ஏப்ரலில், இடிக்கும் இயந்திரத்தோடு போனோம்.
கத்தினேன், "நாயைப் பிடி!"
நாய் இல்லை.
பக்கத்து வேலிக்காரர் வந்து சொன்னார்:
நேற்றுச் சாயங்காலம்
மூன்று பேர், ஒரு மணி நேரம்.
சுவரை மடக்கினார்கள், கூரைக் கழிகளைக் கட்டினார்கள்,
கம்பளியைச் சுருட்டி லாரியில் போட்டு
அதன்மேல் கொம்போவைச் சாய்த்தார்கள்.
ராஜா மாதிரி போனான், என்றார்.
எங்கே?
உதட்டைக் குவித்து வடக்கே காட்டினார்.
குன்றுக்கு அப்பால் இன்னொரு குன்று.
அங்கே எந்த வேலியிலும்
நாங்கள் இன்னும் எண் எழுதவில்லை.

மிச்சப் பனிக்கு நடுவே ஒரு வட்டம்,
உலர்ந்த பழுப்பு மண்.
மையத்தில் அடுப்பின் நாலு கால் தடம்.
இயந்திரக்காரன் கரண்டியை உயர்த்திப் பிடித்து
எதை இடிக்க என்றான்.
கார்க் கதவுகளைக் காட்டினேன்.
அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"கட்டடம் அகற்றப்பட்டது" என்ற வரிக்குக் கீழே
கையெழுத்து வேண்டும்.
வட்டத்துக்குள் போய் நின்றேன்,
அங்கேதான் சேறு இல்லை.
மண் சூடாக இருந்தது என்று சொன்னால் பொய்.
எழுதுபலகையில் பென்சில் தொங்கிக்கொண்டிருந்தது,
பழக்கத்தில் கை அதற்குத்தான் போயிற்று.
மேலதிகாரி தலையசைத்தார்.
ஏப்ரலில் பேனா எழுதும்.