எண்பத்தெட்டு புள்ளி ஒன்று

அக்கா அனுப்பிய பொதியில்
பாதாம் பருப்பு, வலித்தைலம், இரண்டு சோடிச் சப்பாத்து.
ஒரு சப்பாத்தின் விரல் நுனியில்
காலுறைக்குள் சுருட்டிய ஐபொட்.
அறுநூற்றுப் பன்னிரண்டு பாட்டு,
எல்லாம் அவள் தெரிந்து போட்டவை.
"காரிலை போட்டுக் கேள். அப்பதான் உனக்கு
வெளிக்கிட மனம் வரும்" என்று ஒரு துண்டு.

எந்தக் காரில்?
நில அளவையாளர் ஒருவரிடம் நான் வாங்கிய ஒஸ்ரினிலா?
அதற்கு நேர்முனை உடம்பில்.
மற்றக் கார்களுக்கெல்லாம் மறைமுனை.
பத்தாம் தரத்துக்கு மின்சுற்றுப் படிப்பிக்கிற நான்
அதை மறந்து
முதல் சார்ஜரைக் குத்தினேன்.
கருகல் மணம் வேலணை மட்டும் கூட வந்தது.

ஸ்ரான்லி வீதி றெஜினோல்ட் சிரிக்கவில்லை,
அது அவருடைய பெருந்தன்மை.
உடைத்த வானொன்றின் ஜப்பான் ரேடியோவுக்கு
சைக்கிள் ரியூப் வெட்டிச் சுற்றி,
இரும்பில் இரும்பு படாமல்
டாஷ்போட்டின் கீழே தொங்கவிட்டார்.
ஐபொட் இருக்க ஒரு பிளாஸ்ரிக் தொட்டில்.
தொட்டிலின் அடியில், கட்டைவிரல் பருமனில்,
ஒரு ஒலிபரப்பு நிலையம்.
"இந்த ரேடியோ தொண்ணூறுக்கு மேலை ஏறாது, ரீச்சர்.
எண்பத்தெட்டு புள்ளி ஒண்டிலை வையுங்கோ.
அதிலை ஆருமில்லை. முழுக்க உங்கடதான்."

ஆருமில்லாத இடம் ஒன்று எனக்கென்று.
பண்ணைப் பாலம் ஏறினால்
இரண்டு பக்கமும் முழங்கால் ஆழக் கடல்,
களங்கட்டித் தடிகளில் நீர்க்காகங்கள் இறகு காயப்போடும்.
மூன்றாம் கியரில் கதவு நடுங்குகிற நடுக்கத்தில்
பல்லவி கேட்டால் சரணம் கேட்காது.
மீதியை நானே நிரப்பிக்கொள்வேன்.

ஒரு ஞாயிறு
அதில் பேச்சும் பதியலாம் என்று கண்டுபிடித்தேன்.
அறைக்கதவைச் சாத்தி,
காதுவயரில் இருந்த மைக்கை உதட்டோடு பிடித்து
மூன்று தரம் சொன்னேன்.
"அக்கா, நான் வரேல்லை.
விசா அலுவலை நிப்பாட்டு."

திங்கள் காலை பாலத்தில் போட்டுக் கேட்டேன்.
அது நான்தானா?
திரும்பவும் போட்டேன். திரும்பவும்.

மண்டைதீவுச் சந்தியில் வீதி வேலை, மறித்திருந்தார்கள்.
பக்கத்தில் நண்டுப் பெட்டிகளோடு ஒரு இசுசு லொறி,
ஐஸ் உருகித் தாரில் சொட்டிற்று.
சாரதி கண்ணாடியை இறக்கினான்.
என் குரல் அவனிடமிருந்து வந்தது,
ஒரு சொல்லும் பிந்தாமல், என்னுடையதைவிடத் தெளிவாக.

அவனுடையதும் ஜப்பான் ரேடியோ.
அதுவும் தொண்ணூறோடு நின்றுவிடும்.
அந்தக் கடலுக்கு நடுவில் அவனுக்கு அகப்பட்ட
ஒரே நிலையம் நான்.

"ரீச்சர்" என்றான்
(சேலையோ, விரலில் வெண்கட்டித் தூளோ, எதைக் கண்டானோ).
"முதலாவது சண்டைக்குப் போற மாதிரி இருக்கு.
ரெண்டாவதிலை அழுறியள்.
மூண்டாவதைச் சொல்லுங்கோ."

பச்சைக்கொடி காட்டினார்கள். போய்விட்டான்.
பெயர் கேட்கவில்லை.
லொறியின் பின்னால் 'மரியநேசன் அன் சன்ஸ்' என்றிருந்தது.
அவன் மரியநேசனா, சன்ஸா?

இரவு அக்காவுக்கு மூன்றாவதைச் சொன்னேன்.
அதே இடத்தில் மூச்சு விட்டு,
அதே இடத்தில் நிறுத்தி.

"வதனி, ஒரே இரைச்சலடி. கேக்கேல்லை.
திருப்பிச் சொல்லு."

ஜன்னலால் பார்த்தால்
முற்றத்தில், காருக்குள்,
தொட்டிலின் பச்சை வெளிச்சம்.
பிளக்கைக் கழற்ற மறந்திருக்கிறேன்.
விடிய பற்றறி இறங்கிக் கிடக்கும்,
தள்ள ஆள் தேடவேண்டும்.

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.