நாலாம் ஜொரம்

ராத்திரி மூணே கால்.
அலாரத்துக்கு முக்கால் மணி முந்தி
யாரோ பிடித்து உலுக்கியதுபோல் விழிக்கிறேன்.
ரவிக்கை முதுகோடு ஒட்டியிருக்கிறது.
அதே ஃபேனுக்கடியில் அவர்
கழுத்துவரை போர்த்திக் குறட்டை விடுகிறார்.

திருடன் இல்லை, பாம்பு இல்லை.
ஆனாலும் நெஞ்சு
பஞ்சப்பள்ளி பஸ்ஸைத் துரத்திப் பிடித்தாற்போல்
அடித்துக்கொள்கிறது.

பாலக்கோட்டு டாக்டரம்மா சீட்டில் எழுதினார்:
மாதம்மாள், 48, பெண்.
"பயந்தா ஓடறதுக்குன்னு உடம்பு சுரக்கறதும்மா,
கார்ட்டிசால்னு பேரு.
ஓடி முடிச்சதும் வடியணும்.
தீட்டு நிக்கிற வயசுல
அதைத் தணிக்கிறது கொறைஞ்சுபோகுது,
அதான் வடிய மாட்டேங்குது."
எங்கே ஓடறதுங்க என்றேன்.
சிரித்தார்.
நான் கேட்டது கேள்விதான்.

கூட்டுறவு பாங்கில் எண்பதாயிரம்.
ஓசூர்க் கம்பெனியில் மகனுக்கு வேலை போய்
அவன் என்னிடம் சொல்லாத இரண்டு மாசம்.
நேற்று குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன்.
மூன்றாம் தரம் போடப்போய்
டப்பாவும் கையுமாக நின்று அழுதேன்.

எழுந்தது எழுந்தாச்சு.
தழைக்கட்டைத் தூக்கிக்கொண்டு புழுமனைக்குப் போனேன்.
கதவைத் திறந்தால் மழை பெய்கிற இரைச்சல் கேட்கும்,
நாற்பதாயிரம் வாய் தின்கிற சத்தம்.
இன்று ஒன்றுமில்லை.
அடுக்கு அடுக்காய்
தலை தூக்கியபடி அசையாமல் கிடக்கின்றன.

நாலாம் ஜொரம்.
தோல் உரிப்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.
நேற்று மாலையே தீனியை நிறுத்தி
நானேதான் சுண்ணாம்பு தூவியிருக்கிறேன்.
நினைவில்லை.

ஜொரத்தில் தழை போடக் கூடாது.
தொடக் கூடாது, கிளறக் கூடாது,
வெளிச்சம் ஆகாது.
ஊருக்கே கேட்கப் பேசுகிற மனுஷன்
மனை வாசலில் பீடியை அணைத்து
செருப்பைக் கழற்றிவிட்டுக் குசுகுசுப்பார்.
தொந்தரவு பண்ணினால்
பாதித் தோலில் மாட்டிக்கொண்டு செத்துப்போகும்.
அது அவருக்குத் தெரியும்.

வாளியில் இரண்டு பிடி சுண்ணாம்பு மிச்சமிருந்தது.

"காப்பி எங்கடி?" என்று
விடிந்து அவர் தேடி வந்தபோது
மனை மூலையில், சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தேன்.
என்னைச் சுற்றி வெள்ளையாய் ஒரு வட்டம்.
வாயெடுத்தார்.
வட்டத்தைப் பார்த்தார்.
பீடியை அணைத்தார்.

காப்பி வர ஆறரை ஆயிற்று.
சர்க்கரை போட மறந்திருந்தார்.
குடித்தேன்.