ஆடியில்லாக் கேமரா

ஆடி இல்லாத கேமராவுக்கு
எத்தனை ஆடிகள் வேண்டும் என்று
மூன்று வாரமாய் எனக்கும் எனக்கும் வழக்கு.

த்ரியெஸ்தே மருத்துவமனையில்
இரவுப்பணியில் எக்ஸ்ரே எடுப்பவள் நான்.
மூச்சை இழுங்கள், அசையாதீர்கள் என்பேன்.
என் படங்களில் யாருக்கும் முகம் இருப்பதில்லை.
அக்டோபரில் பத்து நாள் விடுப்பு.
அசைகிற எதையாவது எடுக்க வேண்டும்.

மாவு நிறுக்கும் தராசைப் பையில் போட்டுக்கொண்டு
எர்வினோவின் பழைய கேமராக் கடைக்குப் போனேன்.
அவர் சிரிக்கவில்லை.
லென்ஸ் துடைக்கும் துணியால்
தட்டில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்தார்.

கேமரா மட்டும் முந்நூற்று அறுபது கிராம்.
நீள லென்ஸ் ஐந்நூற்றெண்பது:
"அக்கரையில் நிற்பவன்
பல் தேய்க்காதது வரை தெரியும், நிவெஸ்."
அகல லென்ஸில் மலை முழுதும் உள்ளே வரும்,
வந்து கூழாங்கல்லாய்ச் சுருங்கி உட்காரும்.
ஜூம், நல்ல மருமகன் மாதிரி,
எல்லா வேலைக்கும் வருவான்
வெளிச்சம் போனால் மட்டும் தூங்கிவிடுவான்.

கடைசியில்
கோட்டுப் பொத்தானுக்கு அண்ணன் போல ஒன்று.
இருபத்தேழு மில்லிமீட்டர்.
எண்பத்து நாலு கிராம்.
எட்டி இழுக்காது, மழைக்கு ஆகாது,
கை நடுங்கினால் மன்னிக்காது.

நோயாளிகளைத் தூக்கித் தேய்ந்த
என் இடது தோளின் படத்தை
நானே எடுத்து நானே பார்த்திருக்கிறேன்.
முடிவு அதனுடையது.
"நீளத்தை எடுத்து வையுங்கள்" என்றேன்,
"அழுதுகொண்டு வந்தால் வாங்கிக்கொள்கிறேன்."

மாண்டெனீக்ரோ எல்லையில் பேருந்து நின்றபோதுதான்
மெனுவுக்குள் நுழைந்து பார்த்தேன்.
கடிகாரம் பதினோரு மணிநேரம் முன்னால் ஓடியது.
சொந்த ஊர்: டனீடின்.
இதை விற்றுப்போனவர்
ஒரு கப்பல் சமையல்காரர் என்று எர்வினோ சொல்லியிருந்தார்.
மாற்ற இரண்டு பொத்தான் போதும்.
மாற்றவில்லை.
ஒருவர் வீட்டின் நேரத்தை
பேருந்தில் உட்கார்ந்து அழிக்க மனம் வரவில்லை.

அல்பேனியாவில் கோமன் ஏரி.
இருபுறமும் செங்குத்துப் பாறை, நடுவே பச்சைத் தண்ணீர்.
உச்சியில் ஒரு பருந்து.
எடுத்தேன். திரையில் ஒரு தூசு தெரிந்தது.
விரலால் துடைத்தேன்.
போகவில்லை.
அதுதான் பருந்து.
அப்போது கொஞ்சம் அழுதேன் என்றே சொல்லலாம்.

படகில் என் முழங்காலுக்கு முழம் தள்ளி
ஒரு குளிர்பெட்டி.
லுல்ஜிம் அதைக் கட்டிப் பிடித்திருந்தான்.
கழற்றிய கதவைக்
காய்ச்சல்காரப் பிள்ளை போல மடியில் கிடத்தியிருந்தான் மச்சான்.
நீள லென்ஸ் இருந்திருந்தால்
கதவின் கைப்பிடி மட்டும் கிடைத்திருக்கும்.
பொத்தான் லென்ஸில்
பெட்டி, கதவு, நான்கு முழங்கால்,
பின்னால் போனால் போகிறதென்று ஏரியும் வந்தது.
அசையாதீர்கள் என்று சொல்ல வாய் வந்தது.
விழுங்கிக்கொண்டேன்.

டிவி பார்த்துப் பழகிய இத்தாலியில்
படத்தைக் கேட்டான். போனுக்கு அனுப்பினேன்.
தேதியைப் பார்த்துப் புருவம் தூக்கினான்.
"பதினைந்து, இரவு ஒன்று ஏழு.
இன்று பதினாலு. மணி இரண்டு."
கடிகாரக் கதையைச் சொன்னேன்.
"அப்படியானால் இது நாளைய படம்" என்றான்.
"சொல்லுங்கள்,
பெட்டி உடையாமல் வீடு போய்ச் சேர்ந்ததா?"
மச்சான் கதவை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

விடுதியில் தூக்கம் வராத இரவு
அவனிடமிருந்து ஒரு படம்:
கொஞ்சம் ஆடிப்போன படம்.
கதவு மாட்டிய பெட்டி,
உள்ளே விளக்கு,
விளக்கடியில் ஒரே ஒரு தக்காளி.
நேரம் பன்னிரண்டு நாற்பது.
என் கேமராவை
இருபத்தேழு நிமிடத்தில் முந்திவிட்டான்.

திரும்பி வந்த மறுநாள் எர்வினோ கூப்பிட்டார்.
நீளத்துக்கு வேறு ஆள் வந்திருக்கிறாராம்,
கொடுத்துவிடவா என்றார்.
தக்காளியை நினைத்தேன்.
தூசை நினைத்தேன்.
ஒரு வாரம் பொறுங்கள் என்றேன்.