காலவரையற்ற விடுமுறை

கஸ்தூரியார் வீதியில்
போட்டோக்கொப்பி மெஷினுக்கும்
பாஸ்போட் படமெடுக்கிற நீலச் சீலைக்கும் நடுவில்
என் மேசை.
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்.
பக்கத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு, முத்திரையோடு.

பவளராணி அக்கா வட்ஸ்அப்பில் வந்த கடிதத்தை
அச்செடுத்து, நாலாய் மடித்துக் கொண்டுவந்திருந்தா.
"போனில போட்டுப் பாத்தனான் தங்கச்சி.
காலவரையற்ற விடுமுறை எண்டு தமிழில வருது.
பதினொரு வருசம் பெற்றோல் செட்டில
இரவு பகலா நிண்டவர்.
இப்பதான் லீவு குடுத்திருக்கிறாங்கள்.
எப்ப வாறாராம் எண்டு போட்டிருக்கோ?"

பார்த்தேன்.
அந்தச் சொல் இரண்டாம் வரியில்
ஒன்றும் அறியாததுபோல் குந்தியிருந்தது.

எனக்கு அதோடு பழக்கம் அதிகம்.
பள்ளிக்கூடக் கூரை ஒழுகினால் லீவு,
நல்லூர்த் தேருக்கு லீவு,
ஹெலி சுற்றினாலும் லீவு.
அப்போது அது எங்கள் வீட்டுச் சொல்,
செருப்பில்லாமல் உள்ளே வரும்.

பிறகு மேசைக்கு வந்தது, வேறு வேறு உடுப்பில்.
கனடாவில் இறந்தவரின் உயிலில்
'விட்டுச் செல்கிறேன்' என்று நின்றது:
அளவெட்டியில் ஆறு பரப்புத் தோட்டக்காணி,
கிணற்றில் மூன்றிலொரு பங்கு,
வழி வாய்க்கால் உரித்து.
விவாகரத்து வழக்கில் அதே சொல்லுக்கு
'கைவிட்டுப் போனார்' என்று எழுதினேன்.
எதிர்த்தரப்பு அப்புக்காத்து எழும்பி,
'பிரிந்து சென்றார்' என்றால் போதாதா என்றார்.
போதாது என்றேன்.
அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வைக்கு
இன்னும் சொல் கிடைக்கவில்லை.

ஆனால் லண்டன்காரரின் இந்தக் கடிதம் வேறு சாதி.
போவதற்குச் சொல்கிற சொல்லை எடுத்து
இருப்பதற்கு அனுமதி என்கிறார்கள்.

"அக்கா, இது லீவு இல்லை."
"பின்னை?"
"இருக்கலாம் எண்டு சொல்லியிருக்கிறாங்கள்."
"எங்க?"
"அங்க."
"எவ்வளவு காலத்துக்கு?"
"காலக்கெடு இல்லை."

மெஷின் ஒருமுறை வெளிச்சத்தை
இழுத்துக்கொண்டு போய்
திரும்பக் கொண்டுவந்தது.

"அப்ப நல்ல செய்திதானே," என்றா.
ஓம் என்றேன்.
"ஓம், நல்ல செய்திதான்,"
எனக்கு விளங்கவில்லை என்பதுபோல்
இன்னொருமுறை சொன்னா.

தட்டெழுத உட்கார்ந்தேன்.
அனுமதி என்பது நீதிமன்றத் தூசு படிந்த சொல்.
விடு என்ற வேரைக் கிண்டினேன்.
விடுப்பு வந்தது, விடுதலை வந்தது, விடுதி வந்தது,
கொஞ்சம் நீட்டிச் சொன்னதும்
வீடு வந்து நின்றது.
நெஞ்சிடித்தது. அதை அழித்தேன்.
கடைசியில் பழைய நல்ல தமிழில்
'தங்கியிருக்க விடை' என்று அடித்து
வாசிக்கக் கொடுத்தேன்.

அக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கி
எழுத்துக்கூட்டி வாசித்தா.
"விடை எண்டு போட்டிருக்கிறியள்.
கேள்வி என்ன தங்கச்சி?"

அனுமதி என்று மாற்றினேன்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு கையெழுத்து மட்டுமே.
அதற்குக் காசு எடுக்கவில்லை.
முத்திரை காயும் வரைக்கும் இருந்து
அக்கா தானாகச் சொன்னா:
"அண்டைக்கு விடிய நாலு மணி.
வான்காரன் ஹோர்ன் அடிக்கிறான்.
இவர் ஒருக்காலும் போறன் எண்டு சொல்லேல்லை.
போட்டு வாறன் எண்டுதான் சொன்னவர்.
உதுக்கு இங்கிலீசில என்ன?"

யோசித்தேன்.
போவதை எழுதினால் வருவது விழுகிறது.
இரண்டையும் எழுதினால்
தேத்தண்ணி குடிக்கப் போனவன் கதையாகிறது.
"உதுக்குச் சொல் இல்லை அக்கா."

"பரவாயில்லை," என்றா,
கடிதத்தை இந்தமுறை மடிக்காமல்
பைலுக்குள் வைத்து.
"உங்களிட்ட இல்லாட்டி
அவையிட்ட எங்கால?"

வெளியே வெயில். காரைநகர் பஸ்
ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது.
படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பி
வழமையான அந்த இரண்டு சொல்லையும் சொன்னா.
நானும் தலையாட்டினேன்.