குறையை விவரிக்கவும்

படிவத்தில் கட்டம் சிறியது.
மூன்று வரிக்குள்
என் சலவை எந்திரம் நடப்பதை எழுத வேண்டும்.

நடக்கிறது.
சுழற்சி ஏறும்போது முதலில் ஒரு செருமல்,
பிறகு சுவரை விட்டுக் கிளம்பி
குளியலறை வாசல்வரை வந்து
தண்ணீர்க் குழாய் பின்னால் இழுக்க
நின்று திமிறுகிறது,
சட்டையைப் பிடித்து நிறுத்தப்பட்ட
சண்டைக்காரன் மாதிரி.

ஜெலுத்தோங் கடையில் வாங்கியது.
இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு ரிங்கிட்,
பன்னிரண்டு தவணை, வட்டி இல்லை.
கடன் அட்டையைச் செருகி
ரகசிய எண்ணைக் கையால் மறைத்து அழுத்தினேன்,
தப்புச் செய்கிறவள் போல.

ஒன்பதாம் நாள் நடக்கத் தொடங்கியது.
'தரை சரியில்லை' என்றார் கடைக்காரர்.
'துணி அதிகம்' என்றான் பழுது பார்க்க வந்த பையன்.
அவன் வைத்த மட்டப்பலகையில்
குமிழி நட்டநடுவில் அசையாமல் நின்றது.
அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன்.
தாளில் மட்டும் எழுதவில்லை.
மறுபடி போனபோது
ரசீதின் அடியைத் தொட்டுக் காட்டினார்கள்:
விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.
எறும்பு அளவு எழுத்து.

பாயான் லெப்பாஸில் என் வேலையே இதுதான்.
இரவெல்லாம் உருப்பெருக்கியின் கீழ்
சில்லுகள் வந்துகொண்டே இருக்கும்.
மயிரிழைக் கீறல் இருந்தாலும்
சிவப்புத் தட்டில் போடுவேன்.
ஒரு சில்லும் என்னிடம்
தரை சரியில்லை என்று சொன்னதில்லை.

வங்கிக்கு அழைத்தேன்.
மலாய்க்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு,
மாண்டரினுக்கு மூன்று.
இருபத்தாறு நிமிடம் பியானோ.
பிறகு மலாயில் ஒரு குரல்:
அட்டையில் உள்ளபடி பெயர்?
இடம் போதாமல் அட்டையில்
அப்பாவைப் பாதியில் வெட்டியிருந்தார்கள்.
தவமலர் ஏ/பி இருளா, என்றேன்.
'ஆண்டி' இல்லை.
அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு.
அப்புறம் தமிழில், மிகத் தாழ்வாக:
'பிடிக்கலைன்னு எழுதாதீங்க அக்கா.
சொன்னபடி இல்லைன்னு எழுதுங்க.
கடைக்கு எழுதிக் கொடுத்ததோட நகல் வேணும்.
எப்பெப்ப ஆச்சு, நாள் நேரத்தோட வேணும்.
ரசீதுல என்ன அச்சடிச்சாலும்
சட்டத்தை அதால மூட முடியாது.'
உடனே குரல் மலாய்க்குத் திரும்பிவிட்டது.
வேறு ஏதேனும் உதவி வேண்டுமா, அம்மா?

நாள், நேரம்.
நான் எங்கே குறித்தேன்?
குறித்தவர் கீழ்வீட்டு மேடம் கூ.
இரண்டு மாதமாய்த் துடைப்பக் காம்பால்
தன் கூரையை, அதாவது என் தரையை, இடித்தவர்.
லிஃப்டில் முகம் திருப்பியவர்.
கதவைத் தட்டிப் பாதி மலாயில் கேட்டேன்:
அந்தச் சத்தத்தை எனக்குத் தாருங்கள்.

சமையலறைச் சுவரில் நாள்காட்டி.
குதிரைப் பந்தய நாள்களுக்கிடையே
சிவப்புப் பென்சிலில்
காலை 7.40. காலை 7.55.
ஞாயிறு இரண்டு முறை.
என்மேல் புகார் கொடுக்கச் சேர்த்தது.
இரண்டு மாதத்தையும் கிழித்துத் தந்தார்,
புத்தாண்டன்றும் ஓடவிட்டாயே என்று
வைதபடியே.

அன்றிரவு கட்டத்தை நிரப்பினேன்:
நடக்கிறது.
நடக்கும் என்று சொல்லி விற்கவில்லை.

ஆறு வாரம் கழித்து, கணக்கு அறிக்கையில்
ஒரு கழித்தல் குறி.
பக்கத்தில் 'தற்காலிகம்'.
பதில் சொல்லக் கடைக்கு இன்னும் நாள் இருக்கிறதாம்.
மறுத்தால் தீர்ப்பாயம்.
வழக்கறிஞர் வேண்டாம், ஐந்து ரிங்கிட் போதும்.
ஒரு பச்சை நோட்டை எடுத்து
எந்திரத்தின் மேல் சோப்புத்தூள் டப்பாவுக்கடியில்
வைத்திருக்கிறேன்.

நேற்று லிஃப்டில்
மேடம் கூ தானாகவே பேசினார்.
சத்தமே இல்லையே, ஜெயித்துவிட்டாயா?

இன்னும் இல்லை, என்றேன்.
கையால்தான் துவைக்கிறேன்.
சாட்சியை நடக்கவிடக் கூடாதில்லையா.