பங்கேற்பாளர் இருபத்து மூன்று

கலாநிதி கோ. ஞானரூபியின் கட்டுரையில்
முஸம்மில் என்ற பெயர் இல்லை.
மூன்றாம் அட்டவணையில் ப.23 என்று இருக்கும்,
பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி.
குறிக்குக் கீழே பொடி எழுத்தில்:
தனியார் பேருந்து நடத்துனர்,
கல்முனை – மட்டக்களப்பு வழி.
அது நான்தான்.

அவ முதலில் ஏறினது களுவாஞ்சிகுடியில்.
நீட்டினது ஐந்நூறு ரூபாய்த் தாள்.
மிச்சம் பிறகு என்றேன்.
குருக்கள்மடம், கிரான்குளம், தாழங்குடா.
ஆரையம்பதியில் ஒரு மீன்பெட்டிச் சண்டை,
தண்ணீர் ஒழுகி ஒரு ரீச்சரின் சாரி நாசம்.
காத்தான்குடியில் நெரிசலுக்குள்ளால் கையை விட்டு
நானூற்று அறுபதைக் கொடுத்தேன்.
அவ காசை எண்ணவில்லை.

"இன்னும் எத்தனை பேருக்கு மிச்சம் குடுக்கக் கிடக்கு?"
பதினாலு.
"சொல்லுங்க பாப்பம்."
சொன்னேன். கதவடி வெள்ளைச் சட்டைக்கு அறுபது,
பிள்ளைத்தாச்சிக்கு நூற்றுப் பத்து,
கோழியோடு இருக்கிறவருக்கு முப்பத்தைந்து...
கல்லடிப் பாலம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

உலகத்துக் கணக்குப்படி
மனிசன் ஒரே நேரத்தில் பிடித்து வைப்பது ஏழு,
அதுவும் தாராளம் என்று இப்போது சொல்கிறார்களாம்.
எட்டு மாதம் பேருந்து பேருந்தாய் நின்றபடி
நாற்பது நடத்துனரை எழுதி எடுத்தா.
கட்டுரை வெளியாகி இரண்டு வருஷத்தில்
முந்நூறு பேர் மேற்கோள் காட்டினார்கள்.
நோர்வேயில் ஒருவர் எங்களை வைத்தே பட்டம் முடித்தார்.
எங்கள் மண்டையைப் பற்றி ஒஸ்லோவில் கதைத்த அன்று
எனக்கு மண்டூரில் டயர் வெடித்தது.

பிறகு அஸ்மியா என்றொரு மாணவி
எங்களில் பன்னிரண்டு பேரை வந்தாறுமூலைக்குக் கூப்பிட்டு
குளிரூட்டிய அறையில் உட்கார வைத்தாள்.
திரையில் முகம் வரும், தொகை வரும், மறையும்.
எனக்கு ஆறு. பரீத் நானாவுக்கு ஐந்து.
பதற்றம் என்றார்கள். குளிர் என்றார்கள்.
ஞானரூபி மிஸ் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த திங்கள் காலை ஆறே காலுக்கு
கல்முனை தரிப்பிடத்தில் வந்து நின்றா.

இந்த முறை முகத்தைப் பார்க்கவில்லை,
என் இடக்கையைப் பார்த்தா.
நீளவாக்கில் மடித்த தாள்கள்,
ஒவ்வொரு விரலிடுக்கிலும் ஒரு கட்டு,
மூலை வளைந்தால் யன்னல் பக்கம்,
உள்ளே செருகியிருந்தால் பின்சீற்.
யாரும் சொல்லித்தரவில்லை, எனக்கே தெரியாது
நான் அப்படிச் செய்கிறேன் என்று.
"அதை என்னட்டத் தாங்க," என்றா ஓந்தாச்சிமடத்தில்.

கொடுத்தேன்.
அதோடு சரி.
யாருக்கு எவ்வளவு? ஒன்றும் இல்லை.
சனம் கத்தின கத்தில் சாரதி திரும்பிப் பார்த்தான்.
அன்று தன் பையிலிருந்து
அறுநூற்று நாற்பது ரூபாய் பிரித்துக் கொடுத்தா மிஸ்,
சிரித்துக்கொண்டு. அழுத மாதிரியும் இருந்தது.
"இத்தனை வருஷமும் பிழையான இடத்தில தேடியிருக்கிறன்."

தன் கட்டுரை பிழை என்று தானே எழுதினா,
அதே சஞ்சிகையில், அதே பெயரில்.
நினைவு தலைக்குள் மட்டும் இல்லை,
தாளிலும் மடிப்பிலும் ஆசனத்திலும் பரவிக் கிடக்கிறது என்று.
பேராசிரியர் பதவி இரண்டு வருஷம் தள்ளிப்போனது.
நேர்முகத்தில் கேட்டார்களாம்,
சொந்தக் கிணற்றை ஏன் தூர்த்தீர்கள் என்று.
திருத்தத்துக்கு இன்றைக்கு வரை பத்தொன்பது மேற்கோள்.
பழையதற்கு இன்னும் மாதம் இரண்டு மூன்று வருகிறது.

"விரல்நுனியில வச்சிருக்கான் எண்டு
தமிழ் எப்பவோ சொல்லிட்டுது முஸம்மில்.
மேற்கோள் காட்டத்தான் ஏலாது,
எழுதினது ஆரெண்டு கேப்பாங்க."

இப்போது என் கழுத்தில் ரிக்கற் மெசின் தொங்குகிறது.
மிச்சத்தை அதுவே அச்சடிக்கும்,
சில்லறை மட்டும் அதனிடம் இல்லை.
போன வியாழன் மிஸ் ஏறினா, ஆயிரம் ரூபாய்த் தாள்.
போனில் அஸ்மியாவோடு ஏதோ வாக்குவாதம்,
அதே வேகத்தில் கல்லடியில் இறங்கிப் போய்விட்டா.
அவவின் மிச்சம் மோதிர விரல் இடுக்கில் இருக்கிறது.
எண்ணூற்று எண்பதோ, அறுபதோ.
விரித்துப் பார்த்தால்தான் தெரியும்.