இரண்டு யூ

வெள்ளிக்கிழமை ஏழாவது ஆள் வருகிறான்.
"உன் பொட்டிய நவுத்து" என்றான்
வாடகை பிரிக்கும் மார்சலின்.
"அது நிக்கிற எடத்துல ஒருத்தன் படுப்பான்,
மாசம் அறுநூறு திர்ஹம்."

ரோலா, நான்காவது மாடி.
முழங்கால் உயரக் கறுப்புப் பெட்டி.
பேக்கரியிலிருந்து விடியலில் திரும்பும் சீனி உதுமான்
இருட்டில் மூன்று முறை அதில் இடித்துக்கொண்டு
மூன்று முறையும்
அதனிடமே மன்னிப்புக் கேட்டிருக்கிறான்.

இண்டஸ்ட்ரியல் ஏரியா ஐந்தில்
ஒரு காயலான் கடை.
மூடிப்போன ஏதோ அலுவலகத்தின் சர்வர் கூடு,
எழுபது திர்ஹம்.
'சொத்து எண் 0413' என்கிற ஸ்டிக்கர்
உரித்தும் பாதி போகவில்லை.
உயரம் இரண்டு யூ.
ஒரு யூ ஒன்றேமுக்கால் அங்குலம்.
ஆக மூன்றரை அங்குலத்துக்குள்
ஐந்து வருடச் சம்பளத்தில் துண்டு துண்டாய்ச் சேர்த்ததெல்லாம்
படுக்க வேண்டும்.

பழையதைத் திறந்தேன்.
விசிறி இதழ்களில் பாலைவனம்
கடலைமாவு போல அப்பியிருந்தது.
ஊதினேன், கண்ணில் விழுந்தது.
மறுபடி ஊதினேன், மறுபடி கண்ணில்.
உள்ளே ஒரு கரப்பான்,
செத்தும் மீசை குலையாமல்.

கூலர் ஒரு கோபுரம். பதினாறு சென்டிமீட்டர்.
கூட்டின் மொத்த உயரமே ஒன்பதைத் தொடாது.
கழற்றி ஜன்னலில் வைத்தேன்,
மார்சலின் அதன் தகடுகளுக்குள்
சீப்பைச் செருக ஆரம்பித்தான்.
தெய்ராவில் குட்டைக் கூலர் ஒன்று.
குட்டைப் பவர் சப்ளை, அது இன்னொரு நூற்றுப்பத்து.
போர்டிலிருந்து எழுந்து நின்ற கிராபிக்ஸ் கார்டை
ரைசர் வைத்துப் பக்கவாட்டில் கிடத்தினேன்.
மேல் கட்டிலுக்கும் சீலிங்குக்கும் நடுவே
நான் சட்டை மாற்றுவது இப்படித்தான்.

மூடியை அழுத்தி, திருகி,
பட்டனைத் தட்டினேன்.
கூட்டோடு வந்த சின்ன விசிறிகள்
ஓடுபாதையில் விமானம் போல் அலறின.
உதுமான் எழுந்து உட்கார்ந்தான்.
"பேக்கரி எக்ஸாஸ்ட் சத்தம் மாரியே ஈக்குது,
கனவுலயும் டூட்டிக்கிப் போயிட்டன்."
கோபமில்லை. அதுதான் சங்கடம்.
வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன்,
பிறகு இன்னும் கொஞ்சம்.

ஆனால் ரேக் எங்கே?
ரேக்கில்லாத சர்வர் வெறும் தகரத் தட்டு.
அதைத்தான் உதுமானும் சொன்னான்,
என்னிடமிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து:
"இது பன் தட்டுல்ல?"

மறுநாள் விடியலில்
லிஃப்டிலிருந்து அவனும் ஒரு ட்ராலியும் இறங்கினார்கள்.
ஒரு சக்கரம் போய்விட்டதென்று
பேக்கரிக்குப் பின்னால் வெயிலில் கிடந்ததாம்.
பதினான்கு படி. கம்பிகளில் இன்னும்
கருகிய எள்.
உள் அகலம் நாற்பத்தாறு.
பெட்டியின் இரண்டு காதுகளும் இடித்தன.
காதுகளைக் கழற்றியதும்
சுடச்சுடத் தட்டுப் போல
வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

மீதிப் படிகள் ஒரு மணி நேரத்தில் நிறைந்தன.
செருப்புகள், குக்கர், இஸ்திரிப் பெட்டி, அரிசி,
யாருடையதென்று யாரும் ஒப்புக்கொள்ளாத
ஒற்றை டம்பெல்.
தரை தெரிந்தது.
அதன் மேல் கட்டில் போட்டார்கள்.

நான் சம்பளத்துக்குச் செய்வது வேறு வேலை.
ராத்திரியில் ஊர்க் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டி
ரெண்டருக்குப் போட்டுவிட்டுத் தூங்குவேன்.
உதுமான் அங்கே பன் வேகவைக்கும்போது
இங்கே இது வெந்துகொண்டிருக்கும்.

வைரவசாமி வந்தபோது மணி ஒன்றரை.
அட்டைப்பெட்டியை இறக்கினான், கயிற்றை அவிழ்க்கவில்லை.
பெயரைச் சொன்னான், படுத்தான்.
அவன் கட்டில் ஏசிக்கு நேர் கீழே,
பதினெட்டு டிகிரி, ரிமோட் தொலைந்து வருடமாகிறது.
போர்வை கொண்டுவரவில்லை.
கொஞ்ச நேரம் புரண்டான்.
பிறகு அவன் கால்கள் இருட்டில் எதையோ கண்டுபிடித்து
ட்ராலியின் பின்பக்கம் நீண்டன.
"அண்ணே, இது என்ன மிசினு?"
சொல்ல வாயெடுப்பதற்குள் தூங்கிவிட்டான்.

ரெண்டர் முப்பத்தெட்டு சதவீதம்.
மாயவரத்தில் யாருக்கோ நடந்த கல்யாணம்
அவன் உள்ளங்காலில்
வெதுவெதுப்பாக வீசிக்கொண்டிருந்தது.